அண்ணியின் செம்புக் குடமும் ஒரு சிட்டிகை உப்பும்

அந்தச் செம்புக் குடத்துக்கு நற்சான்று கொடுத்தவள் நான்தான். வாட்சாப் வைத்தியர்களும் இல்லை, குடத்தை விற்ற கடைக்காரரும் இல்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு தனியார் கல்லூரியின் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் இருபது வருடத்துக்கும் மேலாக வேலை பார்க்கும் நான். அண்ணியின் கல்லீரல் கெட்டுப்போனதைப் பற்றிப் பேச்சு வந்தால் எங்கள் வீட்டில் எல்லாரும் விதி என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது. தண்ணீரைப் பரிசோதித்தது விதியில்லை.

அண்ணனும் அண்ணியும் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார்கள். நான் கிள்ளானில் தனியாக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ரயிலேறிப் போனால் மத்தியானச் சாப்பாடு அங்கேதான். அண்ணிக்குச் சர்க்கரை இருந்தது. சர்க்கரையைவிட அதற்கு மருந்து சொல்லும் ஆட்கள் அதிகம். கோயில் பஜனைக் குழுப் பெண்கள் நாற்பது ஐம்பது பேர் சேர்ந்து ஒரு வாட்சாப் குழு வைத்திருந்தார்கள். பாகற்காய், வெந்தயம், கருஞ்சீரகம் என்று வாரத்துக்கு ஒன்று அதில் வரும். அண்ணி எல்லாவற்றையும் ஒரு வாரம் செய்துபார்த்து விட்டுவிடுவார். அதனால் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடையில் செம்புக் குடம் வாங்கி வந்தபோது, இதுவும் ஒரு வாரம்தான் என்று நினைத்தேன்.

அது ஒரு வாரத்தோடு முடியாததற்கு என் வாய்தான் காரணம். சாப்பிட உட்கார்ந்த இடத்தில் நான் அண்ணியைக் கேலி செய்தேன். "அண்ணி, செம்புன்னா என்னான்னு தெரியுமா? நான் லேப்ல கையுறை போட்டுக்கிட்டுத்தான் அதைத் தொடுறேன். நீங்க குடிக்கிறீங்க" என்றேன். கையுறை போடுவது செம்புக்காக மட்டும் இல்லை. அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. படித்தவர்கள் இப்படித்தான் சின்னச் சின்னதாக ஏமாற்றுவோம்.

அண்ணி கோபப்படவில்லை. சாம்பார் ஊற்றிக்கொண்டே, "சும்மா சொல்லாத லா. அவ்வளவு சந்தேகமா இருந்தா எடுத்துட்டுப் போயி டெஸ்ட் பண்ணு. கெட்டதுன்னா நாளைக்கே தூக்கிப் போட்டுர்றேன்" என்றார்.

அண்ணன் சிரித்தார். "போடு, ரெண்டு பேருக்கும் போட்டி" என்றார்.

முந்தின நாள் மாலை குடத்தில் ஊற்றி வைத்த தண்ணீரை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் நிரப்பிக்கொண்டு வந்தேன். திங்கட்கிழமை காலையில் கருவியின் முன்னால் உட்கார்ந்தபோது அண்ணி தோற்றுப்போவார் என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. உண்மையைச் சொன்னால், அதற்காகத்தான் உட்கார்ந்தேன்.

நான் செய்தது என்னவென்று சொல்கிறேன். செம்பு அயனிகள் கரைந்த தண்ணீரில் ஒரு மின்முனையை வைத்து, மின்னழுத்தத்தை மெல்ல மெல்ல மாற்றிக்கொண்டே போனால், ஓர் இடத்தில் அயனிகள் எலெக்ட்ரானை வாங்கிக்கொண்டு உலோகமாகப் படியத் தொடங்கும். அப்போது மின்னோட்டம் எழும்பி இறங்கும். திரையில் ஒரு சிகரம் விழும். சிகரத்தின் உயரம் எவ்வளவோ அதை வைத்துச் செம்பு எவ்வளவு என்று சொல்லிவிடலாம். ஆனால் வெறும் தண்ணீர் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. அதனால் கூடவே ஓர் உப்பை நிறையக் கரைத்துவிடுவோம். அதற்குப் பெயர் துணை மின்பகுளி. மின்சாரத்தைச் சுமப்பது மட்டும்தான் அதன் வேலை. செம்போடு அது எந்தச் சகவாசமும் வைத்துக்கொள்ளக் கூடாது.

நான் பொட்டாசியம் நைட்ரேட்டைப் போட்டேன். சாதுவான உப்பு. திரையில் சின்னதாக ஒரே ஒரு சிகரம் வந்தது. கணக்கிட்டுப் பார்த்தேன். குடிநீருக்கு அனுமதித்த அளவுக்கு வெகு கீழே இருந்தது. நம்பாமல் மறுபடியும் செய்தேன், மூன்றாவது தடவையும் செய்தேன். அண்ணி ஜெயித்துவிட்டார்.

தோல்வியை ஒப்புக்கொள்வதில் எனக்கு ஒரு திமிர் உண்டு. மற்றவர்களைவிடப் பெரிதாக ஒப்புக்கொள்வேன். மத்தியான இடைவேளையில் ஆய்வுக்கூடத்திலிருந்தே அண்ணிக்குக் குரல் பதிவு அனுப்பினேன். "அண்ணி, மூணு தடவ டெஸ்ட் பண்ணிட்டேன். தண்ணி ரொம்ப சேஃப். நான் சொன்னது தப்பு. நீங்க தாராளமா குடிங்க" என்று பேசினேன். குடத்தில் வேறு எதையாவது ஊற்றுவீர்களா என்று கேட்கத் தோன்றவில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அண்ணி அந்தப் பதிவைப் பஜனைக் குழுவில் போட்டார். நாத்தனார் தோற்ற செய்தியை யார்தான் போடாமல் இருப்பார்கள்.

அதற்குப் பிறகு குடத்துக்கு வீட்டில் தனி மரியாதை வந்துவிட்டது. அண்ணி தினமும் புளி போட்டுத் தேய்த்து அதைத் தகதகவென்று வைத்திருந்தார். வெறும் தண்ணீரே நல்லது என்றால் எலுமிச்சம்பழம் பிழிந்தால் இன்னும் நல்லதாகத்தானே இருக்கும் என்று குழுவில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். சாயங்காலம் இரண்டு பழத்தைப் பிழிந்து, உப்புப் போட்டுக் கலக்கி மூடி வைத்துவிடுவார். காலையில் எழுந்ததும் பசியாறுவதற்கு முன்னால் இரண்டு டம்ளர். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் அண்ணி செம்புத் தண்ணீர் குடிக்கிறார் என்பது மட்டும்தான்.

அந்தப் பருவத்தில் மாணவர்களுக்குச் செம்பு அயனிச் சோதனை வந்தது. ஒரே அளவு செம்பை மூன்று முகவைகளில் எடுத்து, ஒன்றில் நைட்ரேட், ஒன்றில் சல்பேட், ஒன்றில் குளோரைடு சேர்த்துப் பார்க்க வேண்டும். முதல் இரண்டிலும் ஒரே சிகரம் வந்தது. மூன்றாவதில் இரண்டு சிகரங்கள் வந்தன. ஒரு மாணவி என்னிடம் வந்து, "மேடம், மூணுலயும் அதே காப்பர்தானே? ஏன் இதுல மட்டும் ரெண்டு பீக் வருது? நான் தப்பா கலந்துட்டேனா?" என்று கேட்டாள்.

தப்பில்லை என்று அவளுக்கு விளக்கினேன். சாதாரணமாகச் செம்பு அயனி இரண்டு எலெக்ட்ரானையும் ஒரே மூச்சில் வாங்கிக்கொண்டு உலோகமாகிவிடும். குளோரைடு பக்கத்தில் இருந்தால் ஒன்றை வாங்கிக்கொண்டு பாதி வழியில் நின்றுவிடும். அந்தப் பாதி நிலையைக் குளோரைடு கெட்டியாகப் பிடித்துக்கொள்வதால்தான் இரண்டு சிகரம். "மின்னழுத்தத்தைத் திருப்பிக் கொண்டு வர்றப்பவும் பாரு. படிஞ்ச செம்பு இதுல எவ்வளவு சீக்கிரம் கரையுது பாரு. துணைக்குத்தானே போட்டோம்னு உப்பை நம்பக் கூடாது. சில உப்பு சும்மா இருக்காது" என்றேன். அவள் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாள். நான் கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

சாதாரண சாப்பாட்டு உப்பும் குளோரைடுதான். இதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனபோது அண்ணி என்னிடம், "இப்பல்லாம் காலையில வாயில காசை வச்சு ஊறப்போட்ட மாதிரி இருக்கு" என்றார். சர்க்கரை மாத்திரையாக இருக்கும் என்றேன். வயிறு அடிக்கடி போகிறது என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கவலை இல்லை, சந்தோஷம் இருந்தது. "உள்ள இருக்கிற அழுக்கெல்லாம் வெளிய போகுது. குரூப்புல எல்லாருக்கும் அப்படித்தான். முதல்ல அப்படித்தான் இருக்குமாம்" என்றார். குமட்டல் வந்தால் பித்தம் இறங்குகிறது என்றார். அசதி வந்தால் உடம்பு தன்னைத்தானே பழுது பார்த்துக்கொள்கிறது என்றார். கெடுதலின் ஒவ்வோர் அடையாளத்துக்கும் அவர்களிடம் ஒரு நல்ல பெயர் தயாராக இருந்தது.

அன்று வெயிலில் நடந்து வந்த எனக்கும் ஒரு டம்ளர் நீட்டினார். எலுமிச்சைச் சாறு என்று நினைத்துக் குடித்தேன், எலுமிச்சைச் சாறுதான். கொஞ்சம் துவர்த்தது. "உப்பு சரியா இருக்கா? உப்பில்லாப் பண்டம் குப்பையிலேம்பாங்க" என்று சிரித்தார். திரும்பும் வழியில் ரயில் பெட்டாலிங் தாண்டுவதற்குள் வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது. சுபாங் ஜெயாவில் இறங்கி நடைமேடைக் குப்பைத்தொட்டியில் வாந்தி எடுத்தேன். ஒரு மலாய்க்காரப் பெண் தண்ணீர்ப் பாட்டில் கொடுத்தார். மத்தியானம் சாப்பிட்ட நண்டைக் குற்றம் சொல்லிக்கொண்டு அடுத்த ரயிலில் ஏறினேன். என் கண்ணெதிரிலேயே நடந்தது இது.

மூன்று மாதம் போல ஆனது. அண்ணியின் முகம் வாடிக்கொண்டே வந்தது. கழுத்து எலும்பு தெரிந்தது. "இளைச்சிட்டேன் பார்த்தியா?" என்று பெருமையாகக் கேட்டார். நானும் நல்லது என்றேன். பிறகு ஒரு புதன்கிழமை காலையில் அண்ணன் போன் செய்தார். வழக்கமாக வேலை நேரத்தில் அவர் கூப்பிட மாட்டார்.

"உங்க அண்ணி கண்ணு மஞ்சளா இருக்கும்மா. ஒண்ணுக்கு தேத்தண்ணி நிறத்துல போகுதாம். மூணு நாளா எங்கிட்ட சொல்லாம இருந்திருக்கா" என்றார்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் இளம்பெண், பொறுமையாகக் கேட்டார். குடிப்பழக்கம் உண்டா, நாட்டு மருந்து சாப்பிடுகிறீர்களா, மலாய் ஜாமு கஷாயம் ஏதாவது, மூலிகைக் கேப்சூல் ஏதாவது. அண்ணி எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையை ஆட்டினார். பொய் சொல்லவில்லை. குடத்துத் தண்ணீரை அவர் மருந்தாக நினைக்கவே இல்லை. பரிசோதித்துச் சரியென்று சொல்லப்பட்ட தண்ணீர் அது. கிருமித் தொற்றும் இல்லை என்று வந்தது. கல்லீரலில் ஏற்கெனவே கொழுப்பு இருக்கிறது, ஆனால் இவ்வளவு வேகமாகக் கெடுவதற்கு வேறு ஏதோ காரணம் இருக்க வேண்டும், அது தெரியாமல் எதை நிறுத்தச் சொல்வது என்றார் டாக்டர். கட்டிலுக்கு மறுபக்கம் நான் நின்றுகொண்டிருந்தேன். கல்லீரல் முழுவதும் படுத்துவிட்டால் அண்ணி இருக்க மாட்டார் என்று யாரும் சொல்லவில்லை. டாக்டர் பேசிய விதத்திலேயே அது தெரிந்தது.

அண்ணிக்கு மாற்றுத் துணி எடுத்து வர வீட்டுக்குப் போனேன். அடுக்களையில் குடம் மூடியபடி இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் கலக்கி வைத்தது. பக்கத்தில் பிழிந்த எலுமிச்சைத் தோல் காய்ந்து கிடந்தது. உப்பு ஜாடி திறந்திருந்தது. மூடியைத் தூக்கினேன். தண்ணீர் நின்ற உயரம் வரைக்கும் உட்புறம் புதுக் காசு போலச் சிவந்து மின்னியது. அதற்கு மேலே ஒரு விரல் அகலத்துக்குப் பச்சை படிந்திருந்தது. புளிப்பும் உப்பும் காற்றும் செம்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனாலும் அந்தத் தண்ணீரை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போனேன். ஒருவேளை தப்பாக நினைக்கிறேனோ என்று ஒரு நப்பாசை. வழக்கம்போல நைட்ரேட் பாட்டிலை எடுத்தவள் கீழே வைத்துவிட்டேன். துணை மின்பகுளி எதுவும் சேர்க்க வேண்டியிருக்கவில்லை. அண்ணியே சேர்த்திருந்தார். கருவியை ஓட்டினேன். கோடு திரையின் மேல் விளிம்பைத் தாண்டி வெளியே போய்விட்டது. பத்து மடங்கு தண்ணீர் கலந்து பார்த்தேன், அப்போதும் அடங்கவில்லை. மேலும் மேலும் கலந்த பிறகுதான் உருவம் தெரிந்தது. இரண்டு சிகரங்கள், பக்கத்தில் பக்கத்தில், அந்த மாணவியின் மூன்றாவது முகவையில் வந்தது போலவே. அதைத் தாளில் அச்சிட்டு எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதல் சோதனை, குரல் பதிவு, எதையும் மறைக்கவில்லை. அவர் தாளை வெகுநேரம் பார்த்தார். ரத்தத்திலும் சிறுநீரிலும் செம்பு பார்க்கச் சொன்னார். இரண்டிலும் ஏகமாக இருந்தது. "இது மட்டும்தான் காரணம்னு சொல்ல முடியாது. லிவர் முன்னாலயே வீக்கா இருந்திருக்கு. ஆனா இது அது மேல போய் உட்கார்ந்திருக்கு" என்றார். 'மட்டும்' என்ற அந்தச் சொல்லை ஆறுதலுக்காகப் போட்டார் போலிருக்கிறது. எனக்கு ஆறவில்லை.

அண்ணன் அன்று சாயங்காலமே குடத்தைக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டுவிட்டு வந்து, கடைக்காரனைத் திட்டினார், குழுவைத் திட்டினார், குடத்தைத் திட்டினார். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். எய்தவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். "அண்ணே, நான்தான் குடிக்கலாம்னு சொன்னேன்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். எழுந்து வெளியே போய்விட்டார். அவர் திட்டியிருக்கலாம்.

நான் புதிதாக ஒரு குரல் பதிவு பேசிப் பஜனைக் குழுவுக்கு அனுப்பினேன். எலுமிச்சை, புளி, மோர், உப்பு எதையும் செம்பில் வைக்காதீர்கள், குடித்துக்கொண்டிருந்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள் என்றேன். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். முதல் பதிவு பங்சார், கம்போங் மேடான் என்று எங்கெங்கோ போய்விட்டிருந்தது. இரண்டாவது குழுவைத் தாண்டவில்லை. நல்ல சேதி பறக்கிறது, எச்சரிக்கை வீட்டிலேயே உட்கார்ந்துகொள்கிறது. தெரியாத எண்ணிலிருந்து ஒரு பெண் எனக்கே என் பழைய பதிவை அனுப்பி, "பயப்படாதீங்க அக்கா, ஒரு சயன்ஸ் மேடமே டெஸ்ட் பண்ணி சொல்லியிருக்காங்க" என்று எழுதியிருந்தார். அந்த மேடம் நான்தான் என்று அவருக்கு எழுதினேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. எத்தனை வீடுகளில் எத்தனை குடம் மூடியிருக்கிறது என்பது எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

அண்ணியிடம் நானே சொன்னேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வெறும் தண்ணீரைத்தான் சோதித்தேன் என்றும், உப்பும் எலுமிச்சையும் சேர்ந்தால் செம்பு கரையும் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது என்றும், கேட்கத் தவறிவிட்டேன் என்றும் சொன்னேன். அவர் கூரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "உப்பு போட்டது நான்தானே" என்றார். நான் அழுதேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். கை காய்ச்சல்காரர் கை மாதிரி சுட்டது.

பத்து நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். உடம்பில் தேங்கிய செம்பை வெளியே இழுக்கும் மாத்திரை கொடுத்திருந்தார்கள். ஒருநாளும் விடக் கூடாது என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். கல்லீரல் தேறுமா தேறாதா என்பது வரும் மாதங்களில்தான் தெரியும், அதுவும் இந்த மாத்திரையைப் பொறுத்தது என்றார். நான்காவது நாள் அண்ணன் கூப்பிட்டார். ஆஸ்பத்திரி நாற்காலிக்குப் பிறகு அவர் என்னோடு பேசியது அதுதான் முதல் தடவை.

"மாத்திரையைச் சாப்பிட மாட்டேங்குறா. குமட்டுதாம். டாக்டர் சொன்னாலும் கேட்கல, நான் சொன்னாலும் கேட்கல. நீ வந்து சொன்னாத்தான் சாப்பிடுவாளாம்" என்றார். குரலில் கோபம் இருந்ததா, களைப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை.

அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். அண்ணி சோபாவில் சாய்ந்திருந்தார். கண்ணில் இன்னும் மஞ்சள் இருந்தது. மாத்திரை அட்டையை என் கையில் கொடுத்தார்.

"சாப்பிட்டா வயித்தைப் புரட்டுது. அந்தத் தண்ணி குடிச்சப்பவும் இப்படித்தான் புரட்டிச்சு, நல்லதுக்குன்னு நினைச்சேன். இதுவும் நல்லதுக்குன்னு இவங்க சொல்றாங்க. எனக்கு எதை நம்புறதுன்னு தெரியலம்மா. நீ பார்த்துச் சொல்லு" என்றார்.

"நான் டாக்டர் இல்ல அண்ணி. நான் சொல்லித்தானே இப்படி ஆச்சு" என்றேன்.

"டாக்டர் ஒரு நிமிசம் பார்த்துட்டுப் போயிடுறாங்க. நீ எனக்காக மூணு தடவ டெஸ்ட் பண்ணின" என்றார். குத்திக் காட்டவில்லை. அவர் அதை நிஜமாகவே நம்பினார்.

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சின்ன எழுத்தில் பக்க விளைவுகள் வரிசையாக இருந்தன. அந்த மாத்திரை அவர் உடம்புக்குள் போய் வேறு எதோடு சேரும், என்ன செய்யும், எனக்கு ஒன்றும் தெரியாது. செம்புத் தண்ணீரைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் நூறில் ஒரு பங்குகூட இந்த மாத்திரையைப் பற்றித் தெரியாது. அண்ணன் கதவருகில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாப்பிடுங்க அண்ணி" என்றேன்.

அவர் உடனே வாயைத் திறந்தார்.